தொண்ணூற்று ஒன்றாம் நாள் என்ன சாப்பிடுவது?

90 நாளில் 15 கிலோ குறைத்துக் காட்டுகிறோம் என்ற ஒரு எடைக் குறைப்பு மையத்தில் இரண்டரை வருடத்துக்கு முன்பு பணம் கட்டிச் சேர்ந்தேன். எடை குறைந்தது. அடுத்த பத்து மாதத்தில் குறைந்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. கூடவே பித்தப்பையில் கல்லும் வந்தது. ஆனால் பணத்தையும் உடம்பையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மையத்தின் வரவேற்பறைச் சுவரில் 'முன்பு', 'பின்பு' என்று என் படம் தொங்குகிறது. அதைப் பார்த்து நம்பி எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். படத்தை எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு 43 வயது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எப்படிக் குறைப்பது என்று விளக்க அவருக்கு நேரமில்லை. அப்படிப் பயந்துபோய் வெளியே வருகிற ஆளிடம், இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று யாராவது கணக்குப் போட்டு உறுதி சொன்னால் அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது அந்த நிலையில் நின்றவர்களுக்குத் தெரியும். மையத்தில் என்னிடம் பேசியவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார், பெயர் அட்டையில் 'ஆலோசகர்' என்று இருந்தது. என்ன படித்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. பல மாதம் கழித்துக் கேட்டபோது, அந்த நிறுவனமே நடத்திய ஒரு வாரப் பயிற்சிதான் அவருடைய தகுதி என்று தெரிந்தது.

முதல் நாள் எடை பார்த்தது மாலை ஆறு மணிக்கு. மதியச் சாப்பாடு வயிற்றில் இருந்தது, காலில் செருப்பு, இடுப்பில் பெல்ட். வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் வேறு குடிக்கக் கொடுத்திருந்தார்கள். 89.4 என்று எழுதிக்கொண்டார்கள். அன்று காலை வீட்டுத் தராசு காட்டியது 87.5. அதற்குப் பிறகு எல்லா வாரமும் எடை பார்த்தது காலையில், வெறும் வயிற்றில், மெல்லிய உடையில். அதாவது சாப்பாட்டுக்குப் பதிலாக அவர்கள் கொடுத்த தூளை நான் ஒரு வாய்கூடக் குடிப்பதற்கு முன்பே 1.9 கிலோ 'குறைந்தாகிவிட்டது'. இதை அப்போது நான் கவனிக்கவில்லை. என் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முதல் வார முடிவில் 84.6. "பாருங்க மேடம், ஏழே நாளில் கிட்டத்தட்ட அஞ்சு கிலோ கொழுப்பு போயிருக்கு" என்று கைதட்டினார்கள். நானும் நம்பி வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்தில். இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். என்னைப் போன்ற ஒருவர் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 2,200 கலோரி. ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தால்கூட 15,400 கலோரிதான், அதாவது 2 கிலோ கொழுப்பு. ஒரு வாரத்தில் 5 கிலோ கொழுப்பைக் குறைக்க யாராலும் முடியாது. குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் கரைவது அதுதான். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நாளில் அது திரும்ப நிறைந்துவிடும். முதல் வார எடையைக் காட்டிப் பெருமைப்படுகிற எந்த விளம்பரத்தையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பாருங்கள்.

எனக்குக் கொடுத்த உணவு முறை இதுதான்: காலையும் இரவும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ஒரு பாக்கெட் தூள், மதியம் கையளவு சாப்பாடு. பாக்கெட்டில் போட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்கு மொத்தம் 700 கலோரி வந்தது. 800 கலோரிக்குக் கீழே போகிற உணவு முறை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. சிலருக்கு அது தேவைப்படலாம், ஆனால் அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் மேற்பார்வையும் இருக்கும். என்னிடம் ரத்தப் பரிசோதனை முடிவைக்கூட யாரும் கேட்கவில்லை. இந்த 700 கலோரியோடு தினமும் ஒரு மணி நேரம் குதிக்கிற உடற்பயிற்சி, அதன் பிறகு வயிற்றில் வியர்வை பெல்ட். ஒரு இடத்தில் வியர்த்தால் அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது பொய். வெளியே போவது தண்ணீர் மட்டும்தான்.

ஆறாவது வாரத்தில் எடை நின்றுவிட்டது. எப்போதும் குளிர்ந்தது, படியேறினால் கண் இருட்டியது, ராத்திரி கனவில்கூடச் சாப்பாடு வந்தது. ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியே ஏதோ சாப்பிடுறீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்றார். நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவர்களுடைய வியாபாரத்தின் அச்சாணி என்று இப்போது நினைக்கிறேன். எடை குறைந்தால் திட்டத்துக்குப் பெருமை, குறையாவிட்டால் நம் மேல் குற்றம்.

எனக்கு நடந்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுச் சோதித்தார். குளிர், சோர்வு, மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் அவர்களுக்கும் வந்தது. பட்டினி ஆய்வு என்றே பெயர் வாங்கிய அந்தச் சோதனையில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவு சுமார் 1,570 கலோரி. எனக்குக் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை.

எடை நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. உணவு மிகவும் குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த கெவின் ஹால் குழுவின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு என் மேலிருந்த கோபம் தணிந்தது.

சரி, எடை நின்றதற்கு மையம் கண்ட தீர்வு, தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டிய மாத்திரைப் புட்டி. "முழுக்க மூலிகை, பக்க விளைவே கிடையாது" என்றார்கள். புட்டியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது, பசி சுத்தமாக அடங்கியது. பத்து நாள் பொறுத்துவிட்டு மருத்துவரிடம் போனேன். புட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அன்றே நிறுத்தச் சொன்னார். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்ற எடைக் குறைப்பு மாத்திரைகளில் அது கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பேதி மருந்தும் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும்கூடக் கலப்பதுண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் தயவுசெய்து விழுங்காதீர்கள்.

மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதத்தில் இப்படி உதிரும், பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும். எனக்கும் வளர்ந்தது. பித்தப்பைக் கல் அப்படிப் போகவில்லை. எடை மிக வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதும் இல்லை. தேங்கி நிற்பது கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

90ஆம் நாள் என் எடை 76. அவர்கள் கணக்கில் 13.4 கிலோ குறைவு, உண்மையில் 11.5. எப்படிப் பார்த்தாலும் 15 இல்லை. 'குறையாவிட்டால் பணம் வாபஸ்' என்ற உத்தரவாதத்தைக் காட்டிக் கேட்டேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார்கள்: ஒரு வாரம் எடை பார்க்க வராவிட்டாலும் உத்தரவாதம் ரத்து. காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம் நான் போகவில்லை. சேரும்போது அந்தப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் வாசிக்கவில்லை.

அன்றைக்கு நான் கேட்ட இன்னொரு கேள்விதான் இந்தப் பதிவின் தலைப்பு. "நாளையிலிருந்து நான் என்ன சாப்பிடணும்?" அதற்கு வந்த பதில்: "பராமரிப்புத் திட்டத்தில் சேருங்க மேடம், அதில் சொல்லுவோம்." அதற்குத் தனிக் கட்டணம். தொண்ணூறு நாளில் ஒரு வேளைச் சமையலைப் பற்றிக்கூட அவர்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெளியில் சாப்பிட நேர்ந்தால் என்ன செய்வது, பசித்தால் என்ன செய்வது, உடம்பு சரியில்லாத வாரத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது, எதுவும் இல்லை. தெரிந்ததெல்லாம் பாக்கெட்டைக் கிழிப்பது. பாக்கெட் நின்றதும் பழைய சாப்பாடு வந்தது, பழைய எடையும் வந்து அதற்கு மேலும் ஏறியது. பத்து மாதத்தில் 91 கிலோ.

இனி எங்கேயாவது சேர நினைத்தால் பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அஞ்சு வருடம் கழித்து ஒரு சாதாரண நாளில் நான் என்ன சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், எவ்வளவு நடந்துகொண்டிருப்பேன் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் உங்களுக்கு ஆலோசனை சொல்கிறவரே தூளும் மாத்திரையும் விற்கிறாரா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் அந்த இரண்டும் ஒரே கையில் இருக்கவே கூடாது.

கடைசியில் எனக்கு உதவியது ஒரு மருத்துவமனை உணவியல் நிபுணர். முதல் நாள் நாற்பது நிமிடம் கேள்வி மட்டும் கேட்டார்: எத்தனை மணிக்குத் தூங்குவேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எந்த நேரத்தில் பசி தாங்க முடியாமல் வருகிறது. எதையும் விற்கவில்லை, எதையும் முழுசாக விலக்கவும் சொல்லவில்லை. கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்று கேட்டேன். உங்களால் எதைத் தொடர முடியும் என்று திருப்பிக் கேட்டார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு முறையை ஓராண்டு பின்பற்ற வைத்து 2018இல் வெளியிட்ட முடிவும் அதையே சொல்கிறது: கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு, ஒவ்வொரு வேளையிலும் புரதம், தட்டில் பாதி காய்கறி. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. இலக்கு முதலில் எடையில் 7 சதவீதம் மட்டும். இவ்வளவு குறைவாகவா என்று ஏமாற்றமாகக் கேட்டேன். 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றிச் சொன்னார். அங்கே வைத்த இலக்கு அதே 7 சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. எனக்கு முதலில் வந்த பயமே சர்க்கரைதான். அதற்குத் தேவையானது இவ்வளவுதான் என்று ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

பதினான்கு மாதத்தில் 91லிருந்து 82. சில மாதம் ஒன்றுமே குறையவில்லை. இரண்டு மாதம் ஏறவும் செய்தது. யாரும் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

இப்போது அப்படி ஒரு மையத்தில் இருப்பவர்களுக்கு: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் ரசீதையும் இன்றே படமெடுத்து வையுங்கள், எடையை வீட்டிலும் காலையில் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். படம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லித்தான் என்னிடம் வாங்கினார்கள். நெஞ்சு படபடப்போ, மயக்கமோ, வலது பக்க மேல் வயிற்றில் வலியோ வந்தால் மையத்தைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது மாத்திரைப் புட்டியையும் தூள் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.