ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டுக்கு அறையின் வெப்பநிலையைச் சொல்வது எப்படி: ஹோம் அசிஸ்டண்டில் மூன்று வழிகள்

ஜெர்மனியின் அடுக்குமாடி வீடுகளில் வெந்நீர் ரேடியேட்டரின் பழைய திருகுக் குமிழைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் அதே எம்30 × 1.5 மரையில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பொருத்திவிடலாம். அதை ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்பு வழியாக, வீட்டுச் சாதனங்களை ஒரு சர்வரிலிருந்து இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டண்டுடன் இணைப்பதும் கடினமன்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருவியின் உள் சென்சார் சூடான வால்வை ஒட்டியே இருப்பதால், ரேடியேட்டர் சூடேறியதும் அறையின் வெப்பநிலையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. அறை 19 டிகிரியில் இருக்கும்போதே 21 டிகிரியை எட்டிவிட்டதாகக் கொண்டு வால்வை மூடிவிடுகிறது. எதிர்ச்சுவரில் தனியாக ஒரு சென்சாரை வைப்பது எல்லோரும் செய்வதுதான். அதன் அளவீட்டை எந்த வழியில் பயன்படுத்துவது என்பதில்தான் வேறுபாடு.

முதல் வழி, ஹோம் அசிஸ்டண்டில் உள்ள ஜெனரிக் தெர்மோஸ்டாட். சுவர்ச் சென்சாரைப் பார்த்து சர்வரே முடிவெடுக்கும். வெப்பம் வேண்டுமெனில், நாம் அமைத்துக் கொடுக்கும் ஒரு சுவிட்ச் வழியாக வால்வுக் கருவியின் இலக்கை 30 டிகிரிக்கு உயர்த்தும், போதுமெனில் 5 டிகிரிக்கு இறக்கும். மின் ஹீட்டருக்கு இந்த முறை பொருந்தும். ரேடியேட்டருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடத் தெரிந்த கருவியை இது வெறும் சுவிட்ச் ஆக்கிவிடுகிறது. மோட்டார் ஒவ்வொரு முறையும் முழுத் தூரம் ஓடுவதால் பேட்டரி விரைவில் தீர்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, இலக்கு 30 டிகிரியில் நிற்கும் நேரத்தில் சர்வர் நின்றுபோனால், யாராவது கவனிக்கும் வரை ரேடியேட்டர் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பது.

இரண்டாவது வழி, கருவியின் அளவீட்டில் திருத்தம் சேர்ப்பது. பெட்டர் தெர்மோஸ்டாட் என்னும் கூடுதல் தொகுப்பு இந்தக் கணக்கைத் தானே செய்துகொள்ளும். ஆட்டோமேஷனை, அதாவது தானாக இயங்கும் கட்டளைத் தொடரை, நாமே எழுதினால், சுவர்ச் சென்சாருக்கும் கருவி காட்டும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை முந்தைய திருத்தத்துடன் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் திருத்தம் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஊசலாடும். ஜிக்பீ தரநிலை இந்தத் திருத்தத்துக்கு 2.5 டிகிரி கூட்டல், 2.5 டிகிரி கழித்தல் என்றே எல்லை வைத்திருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் கூடுதலாக அனுமதித்தாலும், தரநிலையை அப்படியே பின்பற்றும் கருவியில், திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு இது போதாமல் போகலாம். ஆயினும் சர்வர் நின்றால் கடைசித் திருத்தத்துடன் கருவி தன் வேலையைத் தொடரும் என்பதால், இது முதல் வழியைவிட மேலானது.

மூன்றாவதே எனக்குச் சரியெனப் படுகிறது: சுவர்ச் சென்சாரின் அளவீட்டைக் கருவிக்கே அனுப்பிவிட்டு, வால்வை எவ்வளவு திறப்பது என்பதை அதனிடமே விட்டுவிடுவது. டான்ஃபாஸ் ஆலி என்னும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இதற்கு இடம் தருகிறது. ஜிக்பீ கருவிகளை ஹோம் அசிஸ்டண்டுடன் இணைக்கும் ஜிக்பீ2எம்கியூடிடி மென்பொருள் வழியாக அனுப்பும்போது மதிப்பை நூறால் பெருக்க வேண்டும், 21.5 டிகிரி என்பது 2150 ஆகும். ரேடியேட்டர் மறைக்கப்பட்டிருப்பதாகக் கருவியின் அமைப்பில் குறித்திருந்தால் 30 நிமிடத்துக்குள் ஒருமுறையும், மறைக்கப்படவில்லை என்று குறித்திருந்தால் 3 மணி நேரத்துக்குள் ஒருமுறையும் அளவீடு வந்தாக வேண்டும். வராவிட்டால் கருவி தன் சொந்தச் சென்சாருக்குத் திரும்பிவிடும். சர்வர் செயலிழந்த குளிர்கால இரவிலும் வீடு ஓரளவு சரியான வெப்பத்தில் இருப்பதற்கு இந்தத் திரும்பல்தான் காரணம்.

எனவே வெப்பநிலை மாறும்போது மட்டும் இயங்கும் ஆட்டோமேஷன் போதாது, நேர இடைவெளியிலும் அது இயங்க வேண்டும். மேலும், சுவர்ச் சென்சாரின் பேட்டரி தீர்ந்து அளவீடு கிடைக்காத நிலையில், அனுப்பும் மதிப்பைக் கணக்கிடும் டெம்ப்ளேட்டில் இயல்பு மதிப்பாகச் சுழியம் கொடுத்திருந்தால், அறை உறைநிலையில் இருப்பதாகக் கருவி நம்பி வால்வை முழுதாகத் திறந்துவிடும். அளவீடு செல்லுபடியாகும்போது மட்டுமே அனுப்பும்படி ஒரு நிபந்தனையை முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள்.