கூட்டு மதிப்பெண்ணா, ராஷ் அளவுகோலா?

3 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் உடலசைவுத் திறனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டேல் உல்ரிச் உருவாக்கியது டிஜிஎம்டி தேர்வு. 2000இல் வந்த இரண்டாம் பதிப்பில், பந்து எறிவதில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: வீசுவதற்கு முன் கை கீழிறங்குகிறதா, இடுப்பும் தோளும் திரும்புகின்றனவா, எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னே வருகிறதா, எறிந்தபின் கை உடம்பின் குறுக்கே போகிறதா. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

இந்த 0, 1களை அளவாக்க இரண்டு வழிகள். தேர்வு மதிப்பெண்களை ஆராயும் பழைய முறையான செவ்வியல் தேர்வுக் கோட்பாட்டின் வழி, இவற்றைக் கூட்டுவது. எளிது, பீரியட் முடிவதற்குள் மார்க் கையில் இருக்கும். ஆனால் எதிர்க்காலை வைப்பதும் கையை இறக்குவதும் சமமான கடினம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2லிருந்து 3க்கும், 3லிருந்து 4க்கும் ஒரே தூரம் என்றாகிறது.

இரண்டாவது வழி, டென்மார்க் கணிதவியலர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட கணித மாதிரி. அது பிள்ளையின் திறனையும் அசைவின் கடினத்தையும் ஒரே கோலில் நிறுத்துகிறது. அந்தக் கோலின் அலகுக்கு லாஜிட் என்று பெயர். இரண்டும் சமமானால் செய்து முடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம். திறன் ஒரு லாஜிட் கூடினால் சுமார் 73. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒரே தேர்வில் ஒரே மொத்தம் எடுத்த இருவருக்கு ராஷும் ஒரே அளவுதான் தரும். ஆனால் எளியதைத் தவறவிட்டுக் கடினமானதைச் செய்த பிள்ளையைத் தனியே காட்டிக்கொடுக்கும். பார்த்தவர் கண் தவறியதா, பிள்ளைக்குச் சொன்னது புரியவில்லையா என்று அப்புறம் விசாரிக்கலாம். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேல் வரும்வரை உடம்பை இழுக்கும் புல்-அப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் தொடங்கிய அமெரிக்க ஜனாதிபதி உடற்தகுதி விருதுக்குச் சிறுவர்கள் இதைச் செய்தார்கள். கம்பிக்கு ஒரு சாண் கீழே தாடை நின்றுபோனவனுக்கும் 0, தொங்கவே முடியாதவனுக்கும் 0. எல்லாமே பூஜ்யமானால் ராஷாலும் சரியாக அளக்க முடியாது. ஆனால் கோலின் அடியில் பிள்ளைகள் குவிந்திருக்க, அங்கே அவர்களுக்கேற்ற சோதனையே இல்லை என்பது பளிச்சென்று தெரியும். காலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து இழுக்கும் எளிய வடிவத்தையும் சில பிள்ளைகளைச் செய்யவைத்தால், இரண்டையும் ஒரே கோலில் இணைக்கலாம்.

செலவு இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வேண்டும், மென்பொருள் வேண்டும், தேர்வு ஒரே திறனை அளக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். சரி, ஒரு வகுப்புக்குக் கூட்டலே போதும். வருடா வருடம் வளர்ச்சியைத் தொடரவோ, வேறுவேறு சோதனைகளை ஒப்பிடவோ நான் ராஷைத்தான் எடுப்பேன். எதுவானாலும் நான்கு 0, 1களையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். மொத்தத்தை மட்டும் வைத்திருந்தால் பிறகு ராஷ் பக்கம் போக வழியில்லை.