அசெர்ட்டுக்குள் வேலை வைக்கலாமா? இரண்டு வழிகளும் என் தேர்வும்

சி மொழியில் அசெர்ட் என்பது ஒரு கண்டிஷன் உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் புரோகிராமை நிறுத்தும் மேக்ரோ. என்டீபக் (NDEBUG) என்ற பெயர் டிஃபைன் ஆகியிருந்தால் அதன் அடைப்புக்குறிக்குள் இருப்பது அத்தனையும், கம்பைல் ஆவதற்கு முந்தைய ப்ரீப்ராசஸர் கட்டத்திலேயே போய்விடும். சிமேக் என்ற பில்ட் கருவியில் ரிலீஸ் பில்ட் என்றாலே அந்த டிஃபைன் தானாக வந்து சேரும். இது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் மாட்டினோம்.

இரண்டு த்ரெட்கள் எழுதும் ஒரு லாகர், அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் கோடு. டீபக் பில்டில் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ரிலீஸில் அவ்வப்போது ஒரு ரெக்கார்டு பாதியில் உடைந்து வந்தது. கடைசியில் கம்பைல் ஆன கோடைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டுப் பார்த்தால், அந்த ஃபங்ஷனில் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை) பூட்டும் அழைப்பே இல்லை, திறக்கும் அழைப்பும் இல்லை. இரண்டுமே அசெர்ட்டுக்குள் இருந்தவை. சேர்ந்தே மறைந்ததால் எங்கும் தொங்காமல் சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது.

முதல் வழி, வழக்கமான அசெர்ட்டை வைத்துக்கொண்டு கட்டுப்பாடாக எழுதுவது: விளைவை முதலில் ஒரு வேரியபிளில் வாங்கு, அப்புறம் அதை மட்டும் சரிபார். இரண்டாவது, எந்த பில்டிலும் கண்டிஷனை ஓட்டிப் பார்த்து, தவறினால் நிறுத்திவிடும் ஒரு மேக்ரோ.

நான் இரண்டாவது பக்கம். காரணம் பராமரிப்பு. எங்கள் கோடும் முதலில் கட்டுப்பாடாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ரிலீஸில் அசெர்ட் மறைந்ததும் அந்த வேரியபிள் பயன்படவில்லை என்று கம்பைலர் வார்னிங் தந்தது. எங்களுக்கு வார்னிங் என்றால் பில்ட் நின்றுவிடும். யாரோ நல்லெண்ணத்தில் இரண்டு வரியையும் ஒன்றாக்கிவிட்டார். வார்னிங் போனது, பூட்டும் போனது. வேரியபிளை வேண்டுமென்றேதான் பயன்படுத்தவில்லை என்று கம்பைலரிடம் சொல்லும் வாய்ட் காஸ்ட் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் அந்த வரி ஏன் இருக்கிறது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. விதி மனிதர்களின் நினைவில் இருக்கும்வரை இப்படித்தான் நழுவும். மேக்ரோவுக்குள் இருந்தால் யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. கோடில் தவறு தேடும் கருவியான கிளாங்-டைடியில் இதற்கென்றே ஒரு செக் உண்டு. ஆனால் அது இயல்பாக ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்டுகொள்ளாது, அதற்கான ஆப்ஷனை நாம்தான் போட வேண்டும்.

பெரிய புராஜெக்ட்களும் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. லினக்ஸ் கர்னலில் பக்-ஆன் (BUG_ON) என்ற சரிபார்ப்பு மேக்ரோ, கான்ஃபிகில் பக் ஆதரவை அணைத்தாலும் கண்டிஷனை ஓட்டும். அங்கேயே விஎம்-பக்-ஆன் (VM_BUG_ON) வேறு ரகம்: டீபக்-விஎம் என்ற கான்ஃபிக் ஆப்ஷன் இல்லாதபோது டைப் சரியா என்று மட்டும் பார்க்கும், எதையும் ஓட்டாது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமு, என்டீபக்கோடு பில்ட் ஆகவே மறுக்கும். ரஸ்ட் மொழியில் எப்போதும் ஓடுவது அசெர்ட், இயல்பாக டீபக்கில் மட்டும் ஓடுவது டீபக்-அசெர்ட் என்று பெயரிலேயே பிரித்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சி++ லைப்ரரியான எம்எஃப்சியின் வெரிஃபை மேக்ரோ ரிலீஸில் வேலையைச் செய்துவிட்டு விளைவைப் பார்க்காமல் விட்டுவிடும். பூட்டு கிடைக்காமலே உள்ளே போகும் வாய்ப்பு அப்படியே இருப்பதால் எனக்கு அதில் திருப்தி இல்லை.

சின்ன மைக்ரோகண்ட்ரோலர்களில் எனக்கு அனுபவம் குறைவு. ஒவ்வொரு செக்கோடும் ஃபைல் பெயர் ஃப்ளாஷில் இடம் பிடிக்கும் என்பதால் அங்கே கணக்கு மாறலாம். எங்களிடமும் ஒவ்வொரு பைட்டுக்கும் சுற்றும் லூப்பில் பழைய அசெர்ட்டையே விட்டிருக்கிறோம். அங்கே உள்ளே இருப்பது இரண்டு எண்களின் ஒப்பீடு மட்டும், ஒரு அழைப்புகூடக் கிடையாது.