பப்மெட், சென்ட்ரல், எம்பேஸ், சிடிஆர்ஐ: சிகிச்சைச் சோதனை அறிக்கையை எங்கே தேடுவது?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வேடு எழுதும் பிஜி மாணவர் முதலில் திறப்பது, மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட். இலவசம், வேகம், சரி. ஓரத்தில் உள்ள 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்' (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனை) பெட்டியை டிக் செய்ததோடு தேடல் முடிந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு. அந்த வடிகட்டி கட்டுரையைப் படிப்பதில்லை. பதிவில் ஒட்டிய வகைக் குறியீட்டை மட்டும் பார்க்கிறது. பப்மெட்டின் மையப் பட்டியலான மெட்லைனில் சேராமல், முழுக் கட்டுரைக் களஞ்சியமான பிஎம்சி வழியே மட்டும் வரும் இதழ்களுக்கு மெஷ் சொற்கள் (பொருள்வாரியாக ஒட்டும் குறிச்சொற்கள்) கிடையாது. நம் நாட்டு இதழ்கள் பல இந்த ரகம். மெஷ் குறியை நம்பும் 'ஹியூமன்ஸ்' பெட்டியையும் டிக் செய்தால் அவை கூண்டோடு காலி.

மாற்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தேடல் வாய்ப்பாடு. வகைக் குறியீட்டுடன் ரேண்டம்லி, பிளாசிபோ, ட்ரையல், குரூப்ஸ் போன்ற சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் 'ஆர்' (அல்லது) போட்டுத் தேடும். மனித ஆய்வு மட்டும் வேண்டும் என்று கேட்காது. விலங்குக் குறி இருந்து மனிதக் குறி இல்லாதவற்றை மட்டும் 'நாட்' போட்டுக் கழிக்கும். 'ரேண்டமைஸ்டு' என்பதை எஸ், இசட் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் கொடுங்கள்.

இதுவும் முழுக் காப்பு அல்ல. காசநோயாளிகளுக்கு வீட்டுச் சிகிச்சையா, சானடோரியமா என்று ஒப்பிட்ட மெட்ராஸ் ஆய்வு 1959-ல் வெளியானது. அதன் தலைப்பில் ரேண்டமும் இல்லை, ட்ரையலும் இல்லை. 'கன்கரண்ட் கம்பேரிசன்' (உடன்நிகழ் ஒப்பீடு) என்றுதான் இருக்கிறது. பழைய ஆய்வு வேண்டுமென்றால் நோய், சிகிச்சைச் சொற்களை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

காக்ரேன் நூலகத்தின் சென்ட்ரலில் இந்தத் தொல்லை குறைவு. சோதனைகளுக்கென்றே திரட்டிய கிடங்கு என்பதால் வடிகட்டியே வேண்டாம். போட்டால் நல்லதும் சேர்ந்து போகும். பப்மெட், எம்பேஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தளம், சோதனைப் பதிவேடுகள் எல்லாவற்றிலிருந்தும் வருவதால் ஒரே சோதனை மூன்று நான்கு பதிவாக நிற்கும். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

எம்பேஸுக்குச் சந்தா வேண்டும். மருந்து ஆய்வுகளிலும் மாநாட்டுச் சுருக்கங்களிலும் அதன் கை ஓங்கியிருக்கிறது. ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் திரட்டும் முறையான மறுஆய்வு என்றால் தவிர்க்கக் கூடாது. ஆய்வேட்டுக்குச் சென்ட்ரல் வழியே வரும் பங்கு பெரும்பாலும் போதும்.

2007-ல் தொடங்கிய இந்தியச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் இருப்பது முதன்மையாகச் சோதனையைப் பற்றிய பதிவு. வெளியான அறிக்கையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். 2018 ஏப்ரல் 1-லிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும் என்பதால், எதை அளக்கப் போவதாகச் சொன்னார்கள் என்பது அங்கே தெரியும். பதிவு எண்ணை அப்படியே பப்மெட்டில் இடுங்கள். சுருக்கத்தில் எண்ணைக் குறிப்பிடாத கட்டுரை சிக்காமல் போகலாம். அப்போது முதன்மை ஆய்வாளர் பெயரையும் மருந்தையும் சேர்த்துத் தேட வேண்டும்.