எமல்சிபையிங் ஒயின்ற்மென்ற்: கழுவ நல்லது, பூசிவிட வேண்டாம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். விடியப்புறமே வெங்காயம், உள்ளி, மீன் என்று தொடங்கினால் மத்தியானம் வரை கை காயாது. இரண்டு கையிலும் கரப்பன் (எக்சிமா). விரல் இடுக்கு வெடித்திருக்கும்போது தேசிக்காய்ப் புளி பட்டால் உயிர் போகும்.

பாமசியில் எமல்சிபையிங் ஒயின்ற்மென்ற் என்று கேட்டால் ஒரு வெள்ளை டப்பா தருவார்கள். வாசம் கிடையாது, கவர்ச்சியும் கிடையாது. உள்ளே மூன்றே சாமான்: வசலின் 50 வீதம், திரவ பரபின் 20 வீதம், எமல்சிபையிங் வாக்ஸ் 30 வீதம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது அந்த வாக்ஸ்தான்.

நான் இதைச் சவுக்காரத்துக்குப் பதிலாகப் பாவிக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் பேணியில் போட்டு, சுடுதண்ணீர் விட்டு அடித்து ஆறவிட்டால் பால்போல வரும். அதில்தான் கை கழுவுவது, குளிப்பது எல்லாம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கின்றன; கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தண்ணீரின் குணம் தெரியும். அந்தத் தண்ணீரில் சவுக்காரம் சரியாக நுரைக்காது, பிசுக்காகித் தோலில் ஒட்டி நிற்கும். போதாததற்குத் தோலின் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். இந்தப் பாலில் நுரையே இல்லை, கழுவின மாதிரியே இராது. ஆனால் துவாயால் ஒற்றிய பிறகு கை இறுகிப் பிடிக்காது. எனக்கு அது போதும்.

சரி, குறைக்கு வருவோம். டப்பாவில் இருப்பதை அப்படியே கையில் பூசிக்கொண்டு படுக்கலாம் என்றுதான் பலர் வாங்குகிறார்கள். அந்த வாக்ஸில் பத்தில் ஒரு பங்கு சோடியம் லோரில் சல்பேற். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரைக்காகப் போடுகிற அதே சாமான். கழுவிவிட்டால் பரவாயில்லை, ராத்திரி முழுக்கத் தோலில் கிடந்தால் சிலருக்கு எரியும். எனக்கு எரிந்தது. இந்த ஒயின்ற்மென்றில் தண்ணீர் சேர்த்து இளக்கிச் செய்வதுதான் அக்குவஸ் கிறீம். அதைப் பூசிவிட்டால் தோல் எரியலாம், முக்கியமாகக் கரப்பன் உள்ள பிள்ளைகளுக்கு என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 இல் எச்சரித்திருக்கிறது. அதனால் படுக்கும்போது எனக்கு வெறும் வசலின், மேலே ஒரு சோடிப் பருத்திக் கையுறை. கனடா மச்சாள் கொண்டுவந்த பம்ப் போத்தல் கிறீம் பகலுக்கு நல்லதுதான், ஒட்டாது. ஆனால் அது முடிந்தால் அடுத்த போத்தலுக்கு அவ வரும்வரை காத்திருக்க வேணும்.

அடுப்படியில் நிற்பவர்களுக்கு ஒன்று. வசலினும் பரபின்தான்; பரபின் ஊறின துணி நெருப்புப் பட்டால் மளமளவென்று பிடிக்கும். தோய்த்தாலும் முழுதாகப் போகாது. வசலின் பூசிப் படுத்த சட்டையோடு காஸ் அடுப்புப் பக்கம் போகாதீர்கள். டப்பாவுக்கு மேலே இதைப் பெரிதாக அச்சடித்திருக்கலாம்.

இது மருந்தும் இல்லை. சிவந்து, தடித்து, கடி தாங்காத நாட்களில் கிளினிக்கில் தந்த பீற்றாமெதசோன் ஒயின்ற்மென்ற்தான் வேலை செய்கிறது. சுட்டு விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரைக் கிராம் அளவு வரும். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது காணும். அது ஸ்டீரொயிட் என்று பயந்து பொட்டுப் பொட்டாக வைத்தால் ஆறாது, டொக்டர் நிற்பாட்டச் சொன்ன பிறகும் இழுத்தால் தோல் மெலிந்துபோகும். மஞ்சள் நீர் கசிந்து பொருக்குக் கட்டினால் கிருமி தொற்றியிருக்கலாம், அப்போது எந்த டப்பாவையும் திறக்காமல் டொக்டரிடம் போங்கள்.

மாமி வேறு, கத்தரிக்காய், இறால், கணவாய் எல்லாம் கரப்பன் சாமான், விடு பிள்ளை என்கிறா. சாப்பிடாமல் விடலாம் மாமி, வெட்டாமல் எப்படிப் பார்சல் கட்டுறது?

வாங்குவதென்றால் பெரிய டப்பாவாக வாங்குங்கள், கழுவுவதற்குப் பாவித்தால் மளமளவென்று முடியும். விரலை உள்ளே விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். சித்திரை வெயிலுக்கு இளகும், நிழலில் வையுங்கள். கழுவுவதற்கு ஐந்துக்கு நாலு தருவேன், பூசிவிடுவதற்கு ஒன்றரை.