போஸ்ட்கிராசிங்கில் 5 ஆண்டுகள்: முகம் தெரியாதவர்கள் எழுதிய 143 அட்டைகள்

பணி ஓய்வு பெற்ற புதிதில் காலை 11 மணிதான் எனக்குப் பொல்லாத நேரமாக இருந்தது. செய்தித்தாளை வரி விடாமல் படித்து முடித்திருப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கிடக்கும். அப்போதுதான், முன்பின் தெரியாதவர்களோடு அஞ்சலட்டை பரிமாறிக்கொள்ள உதவும் போஸ்ட்கிராசிங் என்ற இணையதளத்தில் மகள் என் பெயரைப் பதிந்து கொடுத்தாள். 5 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதுவரை 143 அட்டைகள் வந்திருக்கின்றன. 11 மணி இப்போது தபால்காரர் வரும் நேரம்.

2005 ஜூலை 14 அன்று போர்ச்சுகலில் பாவ்லோ மகல்யாயிஸ் என்ற மாணவர் தொடங்கியது இது. 7 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் இதன் வழியே போய்ச் சேர்ந்திருக்கின்றன. கேட்டால் ஒரு முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். அந்த எண்ணை அட்டையில் குறித்து அனுப்ப வேண்டும். பெற்றவர் அந்த எண்ணைத் தளத்தில் பதிந்ததும், என் முகவரி வேறு யாரோ ஒருவருக்குப் போகும். புதியவர்கள் ஒரே நேரத்தில் 5 அட்டைகள் வரை அனுப்பலாம்.

நான் எழுதியவர் எனக்கு எழுதுவதில்லை. எனக்கு எழுதியவருக்கு நான் எழுதுவதில்லை. நம் வீட்டு விசேஷங்களில் மொய் நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார், திருப்பிச் செய்தோமா என்ற கணக்கு தலைமுறை தாண்டியும் வரும். இந்த அட்டைகளுக்கு மொய் நோட்டே கிடையாது. மனசு லேசாவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969-இல் தொடங்கிய ஓர் ஆய்வும் இதையே எனக்குச் சொல்கிறது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றால் மருத்துவமனையில் சேர்ந்து, பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பு ஒருமுறை பேசிய ஊழியரிடமிருந்து நலம் விசாரிக்கும் சிறு கடிதங்கள் போயின. அவற்றில் எந்தக் கோரிக்கையும் இல்லை. முதல் 2 ஆண்டுகளில் அந்தப் பகுதியினரிடையே தற்கொலைகள் குறைவாக இருந்தன.

என் அண்ணன் தவறிய பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு திரும்பியபோது, கேட்டில் ஓர் அட்டை செருகியிருந்தது. பின்லாந்திலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: அன்று காலை காட்டில் புளூபெர்ரி பறித்தாராம், விரல் நீலம் இன்னும் போகவில்லையாம். அட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை, நாவல்பழக் கறை மாதிரியே. பதினாறு நாளும் எல்லோரும் சாவைப் பற்றித்தான் பேசினார்கள், அன்போடுதான் பேசினார்கள். இவருக்கு என் வீட்டுச் சாவு தெரியாது. அந்தக் கறையை முகர்ந்து பார்த்தேன். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

32 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்பதால் கையெழுத்தை நின்று பார்ப்பேன். ஜெர்மனியிலிருந்து வரும் அட்டைகளில் 1 என்ற எண்ணுக்கு முன்கோடு நீண்டு, கூரை முகடு போல இருக்கும். தொடக்கத்தில் அதை 7 என்று படித்துப் பதிவு செய்யமுடியாமல் திண்டாடினேன். அவர்கள் 7-இன் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவார்கள் என்பது தெரிந்தபிறகு சிக்கல் இல்லை.

குறைகளும் உண்டு. சில அட்டைகள் மாதக்கணக்கில் வழியில் கிடக்கும். 60 நாள் தாண்டினால் காலாவதிக் கணக்கில் போய்விடும். மழைக்காலத்தில் மை கரைந்து, யார் எழுதியது என்றே தெரியாமல் இரண்டு வந்தன. வெளிநாட்டு அஞ்சல்தலைச் செலவு உள்ளூர் கார்டுபோல் 50 காசோடு முடியாது. மாதம் மூன்றுக்கு மேல் நான் போவதில்லை. பெரிய ஏமாற்றம், 'ஹேப்பி போஸ்ட்கிராசிங்' என்ற ஒற்றை வரியோடு வரும் அட்டைகள். கையால் எழுதியதுதான், ஆனாலும் மனதில் எதுவும் தங்குவதில்லை. அன்றைய நாளிலிருந்து ஒரு துளியாவது அதில் இருக்க வேண்டும்.

தனிமைக்கு இதுவே மருந்து என்று நினைத்துச் சேராதீர்கள். மூன்று வாரம் எதுவும் வராமலும் போகும். அந்த நாட்களில் பக்கத்துவீட்டுப் பேச்சுதான் துணை. ஆனால் அதோடு சேர்த்து இதையும் வைத்துக்கொள்ளலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த வாரம் கிடைத்திருப்பது தைவான் முகவரி. வாசல் நாவல்மரம் பழுத்துக் கொட்டுகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.