கோட் தெ ப்ளாங்கில் ஒரு ஷாம்பெயின் நிலவறை: 2 மணி நேரம், 30 யூரோ

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில், எபெர்னே நகருக்குத் தெற்கே நீளும் கோட் தெ ப்ளாங் சரிவில், தன் சொந்தத் தோட்டத்துத் திராட்சையைக் கொண்டே நுரைக்கும் மதுவான ஷாம்பெயினைத் தயாரித்து விற்கும் ஒரு குடும்பத்தின் நிலவறையை மார்ச் மாதத்தில் சுற்றிப் பார்த்தேன். தலைக்கு 30 யூரோ, 2 மணி நேரம், முடிவில் சுவைத்துப் பார்க்க மூன்று கோப்பைகள். கொடுத்த பணத்துக்கு மேலாகவே கற்றுக்கொண்டு திரும்பினேன் என்றாலும், அவற்றில் பாதி நானாகக் கேட்டு வாங்கியவை. குடும்பத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகளுக்காக அவர்களை மட்டும் நிறுத்தி வைப்பது சரியாகத் தோன்றவில்லை.

புட்டியின் சீட்டில் பொடி எழுத்தில் ‘ஆர்.எம்.’ என்றிருந்தால், தோட்டக்காரரே தன் திராட்சையிலிருந்து தயாரித்தது என்று பொருள், ‘என்.எம்.’ என்றிருந்தால் பிறரிடமும் திராட்சை வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். ஷாம்பெயின் வட்டாரத்தில் நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடம் இருக்க, விற்பனையின் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், சிறு தயாரிப்பாளர் ஒருவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கூடுதல் கனம் தெரியும்.

சுற்று தொடங்கியது ஒரு காணொளியோடு. அதுவே இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. துறவி தொம் பெரின்யோன் நுரைக்கும் மதுவைக் ‘கண்டுபிடித்தார்’ என்ற பழங்கதையை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் 1668இல் ஓவில்லேர் மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றவர். பல தோட்டத்துத் திராட்சைகளைத் தேர்ந்து கலப்பதில் வல்லவர் என்ற பெயர் பெற்றவர். ஆனால் அவர் காலத்தில் புட்டிக்குள் எழும் நுரை ஒரு குறையாகத்தான் கருதப்பட்டது. சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் முறையைப் பற்றி இங்கிலாந்தின் மருத்துவர் கிறிஸ்டோபர் மெரெட் 1662இலேயே ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசித்துவிட்டார். காணொளி முடிந்ததும் இதைக் கேட்டேன். எங்களைச் சுற்றிக் காட்டிய வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “வருகிறவர்கள் அந்தக் கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள்” என்றார்.

பிழியும் கூடத்துக்கு வந்ததும் அவர் வேறு மனிதராகிவிட்டார். அறுவடை கையால்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். கொத்து உடையாமல் பிழிபொறிக்கு வந்தால்தான், பினோ நுவார், மோனியே என்ற கருந்தோல் திராட்சை வகைகளிலிருந்தும் நிறமில்லாத சாறு கிடைக்கும். தோல் கிழிந்து சாறோடு ஊறினால் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். ஒரு முறை பிழிவதற்கு 4,000 கிலோ. அதிலிருந்து முதலில் வரும் 2,050 லிட்டர் நல்ல சாறு, பிறகு வரும் 500 லிட்டர் இரண்டாந்தரம். அதற்கு மேல் எவ்வளவு பிழிந்தாலும் அது ஷாம்பெயின் ஆகாது. இவர் இரண்டாந்தரச் சாற்றை விற்றுவிடுவதாகச் சொன்னார்.

மார்ச் மாதத்தில் போனதன் பலன் அடுத்த அறையில் கிடைத்தது. முதல் நொதித்தல் முடிந்து, கலவை முடிவாகாத நிலையில், நுரையே இல்லாத வெறும் வெள்ளை மது எஃகுத் தொட்டிகளில் நின்றுகொண்டிருந்தது. கேட்டதும் ஒரு குழாயைத் திறந்து விரற்கடை அளவு ஊற்றிக் கொடுத்தார். சென்ற இலையுதிர்காலத்து ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையின் மது. எலுமிச்சைத் தோலைக் கடித்தது போலப் பல் கூசியது, நாக்கின் ஓரங்கள் சுருண்டன. பக்கத்துத் தொட்டியில் சில ஆண்டுகளுக்கு முந்தைய சேமிப்பு மது. அதில் புளிப்பு அடங்கி, வறுத்த பாதாம் போல ஒரு மணம். இரண்டையும் கோப்பையில் அவரே கலந்து நீட்டியபோதுதான் ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் என்பதன் பொருள் புரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் வானிலை ஒவ்வொரு மாதிரி இருக்கும் இந்தக் குளிர்ந்த வட்டாரத்தில், பழைய மதுவைக் கொண்டு புதியதைத் திருத்திக்கொள்கிறார்கள். சுற்றின் அறிவிப்பில் இந்தச் சுவைப்பு இல்லை. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை.

நிலவறை பதினைந்து படிகள் கீழே. கோடையிலும் 12 டிகிரியைத் தாண்டாதாம்; கம்பளி மேலாடை இல்லாமல் போனது என் தவறு. சுவர் வெள்ளைச் சுண்ணக்கல். விரலால் தடவினால் ஈரமான மாவு ஒட்டிக்கொள்கிறது. மேலே கொடியின் வேருக்கு மழை நீரைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதும் இதே கல்தான். இங்கே கலவையோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, சோடாப் புட்டிக்குப் போடுவது போன்ற தகர மூடியால் மூடிப் படுக்க வைக்கிறார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியேற வழியில்லாத வாயு மதுவில் கரைந்து, ஏறத்தாழ 6 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கில், நிற்கிறது. வேலை முடித்து இறந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படிகிறது. அந்த மண்டியோடு கிடக்கும் காலம்தான் ரொட்டி வாசனையையும் வழவழப்பையும் கொடுக்கிறது. ஆண்டு குறிப்பிடாத புட்டிக்குச் சட்டம் கேட்பது மொத்தம் 15 மாதம், அதில் மண்டியோடு 12 மாதம். இவர் மூன்று ஆண்டுகள் வைக்கிறார். சுவையில் அது தெரிந்தது.

மண்டியைக் கழுத்துக்கு இறக்க, புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து அன்றாடம் சிறிது திருப்பும் மரப்பலகைகளும் அங்கே இருந்தன. இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வ்வ் க்ளிக்கோ என்ற ஷாம்பெயின் நிறுவனத்தில் உருவானது. பலகைகள் பார்வையாளர்களுக்காகத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டு, மூலையில் இருந்த கம்பிக்கூண்டு இயந்திரத்தைக் காட்டினார். கைக்கு ஆறு வாரம் பிடிக்கும் வேலை அதற்கு ஒரு வாரம். காணொளியைத் தயாரித்தவர் இந்த நேர்மையில் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கலாம்.

பிறகு ஒரு புட்டியைக் கையாலேயே திறந்து காட்டினார். கழுத்து கீழே, அடிப்பகுதி முன்கையில். சாவியால் மூடியை நெம்பிக்கொண்டே மேல்நோக்கித் திருப்பினார். காற்றுக்குமிழி வாய்க்கு வந்த அதே கணத்தில் மூடி தெறிக்க, கலங்கிய மண்டி ஒரு சிறு வீச்சாகப் பீப்பாய்க்குள் பாய்ந்தது. கட்டைவிரல் வாயை அடைத்தது. விளக்கில் பிடித்துக் காட்டியபோது புட்டி தெளிந்திருந்தது. இழப்பு இரண்டு வாய் மது இருக்கலாம். வழக்கமாக இந்த வேலையை, கழுத்தை உறைகுளிர் உப்புக்கரைசலில் நனைத்து மண்டியைப் பனிக்கட்டியாக்கி, இயந்திரம் செய்கிறது.

சுவைப்பறையில் அவர் எடுத்த முடிவு ஒன்று பாராட்டுக்குரியது. ஒரே மதுவை, மண்டி நீக்கியபின் கடைசியில் சேர்க்கும் சர்க்கரை மட்டும் மாறியபடி, மூன்று கோப்பைகளில் வைத்தார்: சர்க்கரையே இல்லாதது, லிட்டருக்கு 4 கிராம், 9 கிராம். சீட்டில் இனிப்புக் குறைந்தது என்பதைக் குறிக்கும் ‘ப்ரூட்’ என்ற சொல்லுக்கு 12 கிராமுக்குள் இருந்தால் போதும் என்பதால், கடையில் ஒரே பெயரில் விற்கும் இரண்டு புட்டிகள் எவ்வளவு வேறுபடலாம் என்பது அரைமணியில் விளங்கிவிட்டது. எனக்கு 4 கிராம் பிடித்தது; சர்க்கரை இல்லாதது முடிவில் வெடுக்கென்று நின்றது, 9 கிராம் அந்தப் பாதாம் மணத்தை மூடிவிட்டது. ஆனால் ஊற்றியது ஒடுங்கிய நீளக் கோப்பைகளில். குமிழி அழகாக ஏறும், மூக்குக்கு ஒன்றும் எட்டாது. இத்தனை நுணுக்கமாகச் சுவைக்கச் சொல்பவர் வயிறு அகன்ற கோப்பை வைத்திருக்க வேண்டும்.

பெரிய குறை தோட்டம். ஷாம்பெயின் தொடங்குவது கொடியில் என்று பலமுறை சொன்னவர்கள், அதைச் சன்னல் வழியாகக் கைகாட்டியதோடு சரி. ஏப்ரல் உறைபனியில் மொட்டுகளை எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்டதற்கு விரிவாகப் பதில் சொன்னவர், மருந்து தெளிப்பு பற்றிக் கேட்டபோது பேச்சை விலைப்பட்டியலுக்குத் திருப்பினார். மழை பெய்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் குடை பிடித்து ஐந்து நிமிடம் நிற்க நாங்கள் ஆறு பேரும் தயாராகவே இருந்தோம்.

அடிப்படைப் புட்டி 22 யூரோ, ஆண்டு குறித்தது 38 யூரோ. முதலாவது அந்த விலைக்குத் தாராளமாகத் தகும். இரண்டாவதை இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் திறப்பது நல்லது. மண்டி நீக்கிய தேதி ஆண்டு குறித்த புட்டியின் பின்சீட்டில் இருக்கிறது, அடிப்படைப் புட்டியில் இல்லை. எவ்வளவு காலமாகக் கடை அடுக்கில் நிற்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அந்த மலிவான புட்டியில்தான் என்று சொன்னேன். அவர் உள்ளே போய் ஏட்டைப் பார்த்துவிட்டு வந்து, நான் வாங்கிய இரண்டு புட்டிகளின் சீட்டிலும் பென்சிலால் தேதியை எழுதிக் கொடுத்தார்.